மீன்வீட்டிலிருந்து பதினோரு அடி

அனுமதி கேட்டதுதான் வெர்ன் பிரிபில் செய்த தப்பு. கேட்காமல் இருந்திருந்தால் ஒரு ஈ காக்கை எட்டிப் பார்த்திருக்காது. அவனுடைய அண்ணன் ஆம்ப்ரோஸ் வாழ்நாளில் ஒரு தடவையும் கேட்டதில்லை, ஒருவரும் வந்ததுமில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதையாக, வெர்ன்தான் வேலை மெனக்கெட்டு நகராட்சிக்குப் போன் போட்டான்.

ஆம்ப்ரோஸ் திங்கட்கிழமை செத்துப்போனான். சனிக்கிழமை அடக்கம். அடக்கம் முடிந்ததும் மாதா கோயில் ஹாலில் எல்லோருக்கும் மதியச் சாப்பாடு. அந்தச் சாப்பாட்டில் பூயா இருக்க வேண்டும். அதுவும் தன் வீட்டுக் கொல்லையில், தன் கொப்பரையில், விறகில் வெந்த பூயாவாக இருக்க வேண்டும். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு ஆம்ப்ரோஸ் தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து வாங்கிய சத்தியம் அது.

"கேஸ்ல மட்டும் வச்சீங்க, பெட்டியத் தொறந்துகிட்டு எந்திரிச்சுப் போயிடுவேன்டா," என்றான். மூச்சு வாங்கியது. அப்போதும் அந்த வாய் குறையவில்லை.

பூயாவை வெறும் சூப் என்று சொன்னால் அந்தப் பக்கத்து ஆட்களுக்குப் பொல்லாத கோபம் வரும். மாட்டு வால், கோழி, உடைத்த பட்டாணி, முட்டைக்கோஸ், கேரட், சோளம், தக்காளி எல்லாம் ஒரே கொப்பரையில் விழுந்து, இது இன்னது என்று அடையாளம் தெரியாமல் கரையும்வரை வேக வேண்டும். ஆள் உட்கார்ந்து குளிக்கலாம், அவ்வளவு பெரிய கொப்பரை. படகுத் துடுப்பால் கிண்டுவார்கள். கிண்டுவதை நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் அடி பிடிக்கும். அடி பிடித்தால் கொப்பரை மொத்தமும் போச்சு. முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருத்தன் பேஸ்பால் ஆட்டத்தை ரேடியோவில் கேட்டுக்கொண்டு துடுப்பை விட்டுவிட்டான். அவனுக்குக் 'கருகல்' என்று பேர் வந்தது. அவன் கல்லறைக் கல்லில் அந்தப் பேரை வெட்டாமல் விட்டது பாதிரியார் தயவு.

ஆம்ப்ரோஸ் ஒவ்வொரு இலையுதிர் காலத்திலும் பூயா வைப்பான். சாயங்காலம் அடுப்பு மூட்டினால் விடிய விடிய வேகும். ராத்திரி பத்து மணிக்கு மேல் கொல்லையில் நெருப்பு எரியக் கூடாது என்று ஓக்மார்ஷ் நகராட்சி சட்டம் போட்ட பிறகும் அவன் நிறுத்தவில்லை. "நெருப்பு எப்பத் தூங்கணும்னு நகரசபை எனக்குச் சொல்லுமா?" என்று கோயில் வாசலில் நின்று சத்தமாகக் கேட்பான். கூட இருப்பவர்கள் சிரித்து அவன் தோளில் தட்டுவார்கள். ராத்திரி காவலுக்கு மட்டும் யாரையும் சேர்த்துக்கொள்ள மாட்டான். விடிந்து ஒன்பது மணிவாக்கில் வெர்ன் போய்ச் சேரும்போது கொப்பரைக்கு அடியில் ஓக் விறகு புகைந்துகொண்டிருக்கும், ஆம்ப்ரோஸ் காப்பி குடித்துக்கொண்டிருப்பான்.

வெர்னுக்கு அந்தத் தைரியம் கிடையாது. முப்பத்தொன்பது வருஷமாக ரோட்டுக்குத் தார் போடுகிறவன். கொடி பிடித்தவன் நில் என்றால் நிற்க வேண்டும், போ என்றால் போக வேண்டும், அப்படியே பழகிவிட்டது. முழங்கால் இரண்டும் தேய்ந்துபோயிருந்தன. அண்ணன் அடக்கத்துக்கு முந்தின நாள் நகராட்சி வண்டி வந்து நிற்கக் கூடாது என்று நினைத்தான். போன் போட்டான்.

எடுத்தவள் ஒரு சின்னப் பெண். குரலில் தேன் ஒழுகியது.

"பொழுதுபோக்கு நெருப்பா சார், இல்ல குப்பை எரிக்கிற நெருப்பா?"

"ரெண்டும் இல்லம்மா. சாவு நெருப்பு."

விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. "அப்படி ஒரு வகை இங்க இல்லையே சார்."

"அடக்கச் சாப்பாட்டுக்குச் சமைக்கணும்."

"அப்ப பொழுதுபோக்குலயே போட்டுக்கறேன்," என்றாள். பிறகு விதிகளைப் படித்தாள். குழியின் அகலம் மூன்றடிக்குள் இருக்க வேண்டும். எந்தக் கட்டுமானத்திலிருந்தும் இருபத்தைந்து அடி தள்ளி இருக்க வேண்டும். காலை எட்டுக்கு முன்னால் மூட்டக் கூடாது, ராத்திரி பத்துக்கு மேல் எரியக் கூடாது. காய்ந்த விறகு. பக்கத்தில் தண்ணீர்க் குழாய். "எந்த நாள் சார்? எந்த விலாசம்?"

வெர்ன் நாளையும் சொன்னான், விலாசத்தையும் சொன்னான்.

ராத்திரி முழுக்க எரிக்க முடியாது. சரி, பகல் முழுக்க எரிக்கலாம். வெள்ளிக்கிழமை லீவு போட்டான். முந்தின நாளே அண்ணன் வீட்டுக் கொல்லைக்குப் போய், வீட்டிலிருந்து டேப் பிடித்தான், கராஜிலிருந்து டேப் பிடித்தான். இரண்டுக்கும் இருபத்தைந்து அடி விட்டு, கல் அடுக்கி வளையம் கட்டினான். தார் போடுகிறவன் அளவு தப்பாது. வெள்ளிக்கிழமை எட்டு அடித்ததும் தீக்குச்சி கிழித்தான்.

காலை நன்றாகத்தான் போனது. அண்ணன் பெண்டாட்டி டெல்ஃபைன் பின்வாசல் படியில் உட்கார்ந்து கேரட் சீவினாள். அழுது முடித்த முகம் வீங்கியிருந்தாலும் கத்தி நிற்கவில்லை. வெர்ன் துடுப்பைப் போட்டுக் கிண்டினான். பின்வேலிக்கு மேலாக ஒரு தொப்பி எட்டிப் பார்த்தது. அடுத்த கொல்லைக்காரன், சூ தாவ். வேலிக்கு அந்தப் பக்கம் வேறு ஊர், டன்லாப் பார்க். இரண்டு ஊருக்கும் நடுவில் அந்தப் பலகை வேலியைத் தவிர வேறு எதுவும் கிடையாது. வெர்னைப் பொறுத்தவரை ஊர் எல்லை என்பது ரோட்டில் இரண்டு தார் ஒட்டுகிற கோடு. இந்த ஊர் காசு தீரும் இடத்தில் அந்த ஊர் காசு தொடங்கும்.

"என்ன வெர்ன், கிண்டறீங்களா, துடுப்பப் புடிச்சுக்கிட்டுத் தூங்கறீங்களா?" என்றான் சூ.

"நீ வந்து கிண்டிப் பாரு. அப்புறம் உன் கை உன் பேச்சக் கேக்காது."

"எங்க சித்தப்பா செத்தப்ப மூணு நாள் கிண்டினேன். முந்நூறு பேருக்கு. நீங்க ஒரு வேளைக்கே இப்படி மூஞ்சியத் தூக்கி வச்சுக்கறீங்க."

"அது கஞ்சி."

"கஞ்சி இல்ல, பன்னிக்கறி. விறகுல."

"உங்க ஊர்ல விட்டாங்களா?"

"கேட்டுட்டுத்தான் செஞ்சேன். எங்க ஊர்ல பதினஞ்சு அடி போதும். நெருப்பு மேல சல்லடை மூடி போடணுங்கறான். நெருப்ப முழுக்க மறைக்கிற மாதிரி பாத்திரம் வச்சா அதுவே மூடின்னு தீயணைப்பு ஸ்டேஷன்காரன் ஒத்துக்கிட்டான்." சூ மூக்கை உறிஞ்சினான். "வாசனை எங்க ஊருக்கு வந்துடுச்சு. வரி போடணும்."

அவன் தொப்பி இறங்கிய கொஞ்ச நேரத்தில் முன்பக்கம் கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

வந்தவள் தீயணைப்புத் துறை ஆய்வாளர், டிரெஸ்ஸா லிண்ட்வால். முப்பது வயது இருக்கலாம். இஸ்திரி போட்ட சட்டை. கையில் கைப்பிடி வைத்த அளவுச் சக்கரம். சிரித்தபடியே வந்தாள், டெல்ஃபைன் கையைப் பிடித்து வருத்தம் சொன்னாள். நிஜமாகவே வருத்தப்பட்டாள். அதுதான் வெர்னுக்குப் பொறுக்கவில்லை. எரிந்து விழுகிற ஆளாக இருந்தால் இவனும் எரிந்து விழலாம்.

வீட்டிலிருந்து சக்கரத்தை உருட்டினாள். சரியாக இருந்தது. கராஜிலிருந்து உருட்டினாள். அதுவும் சரி. "ரொம்ப அழகா அளந்திருக்கீங்க," என்றாள். வெர்ன் துடுப்பை மாற்றிப் பிடித்தான். பிறகு அவள் வேலியோரமாகப் போய் மீன்வீட்டின் சுவரில் சக்கரத்தை வைத்தாள்.

பனிக்காலத்தில் ஏரி உறைந்ததும் வண்டியில் கட்டி இழுத்துக்கொண்டு போய்ப் பனிக்கட்டி மேல் நிறுத்துகிற தகரப் பெட்டி அது. தரையில் ஓட்டை போட்டிருக்கும். உள்ளே உட்கார்ந்து தூண்டில் போடலாம். மற்ற எட்டு மாதமும் கொல்லையில் கிடக்கும். அந்தத் தெருவில் பாதி வீட்டுக் கொல்லையில் ஒன்று கிடக்கும். அதை யாராவது அளப்பார்கள் என்று அங்கே பிறந்த ஒருவனுக்கும் தோன்றாது.

"பதினோரு அடி," என்றாள்.

"எதுக்கு?"

"கட்டுமானத்துக்கும் நெருப்புக்கும் நடுவுல."

"அது கட்டுமானமா? மீன்வீடு அது."

"கூரை இருக்கு. நாலு சுவர் இருக்கு. கதவு இருக்கு." எட்டி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். "படுக்கை இருக்கு மிஸ்டர் பிரிபில்."

"சக்கரமும் இருக்கு. சக்கரம் வச்சது வண்டி. என் டிரக்குக்கும் கூரை இருக்கு, கதவு இருக்கு. நான் அதுலயும் படுத்திருக்கேன், எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க."

"டிரக் ஓடும்."

"இதுவும் ஓடும்."

"அப்ப நகர்த்திடுங்களேன்," என்றாள் சிரித்தபடி. "மத்தியானம் வரைக்கும் டைம் தர்றேன். இல்லன்னா நெருப்ப அணைக்கணும். எனக்கு வேற வழி இல்ல. நீங்களே போன் பண்ணிக் கேட்டிருக்கீங்க, அதனால கட்டாயம் வந்து பாக்கணும். கேக்காதவங்க வீட்டுக்கெல்லாம் நாங்க போறதில்ல."

வெர்ன் மீன்வீட்டைத் திரும்பிப் பார்த்தான். துடுப்பு நின்றிருந்ததை டெல்ஃபைன்தான் முதலில் பார்த்தாள். கத்தியைப் போட்டுவிட்டு ஓடி வந்து துடுப்பைப் பிடுங்கினாள். "அடி பிடிக்கப் போகுது. நீ போய் அந்தச் சனியனை நகர்த்து."

நெருப்பை நகர்த்த இடம் இல்லை. வீடு ஒரு பக்கம், கராஜ் ஒரு பக்கம், மீன்வீடு ஒரு பக்கம். எந்தப் பக்கம் தள்ளினாலும் ஏதாவது ஒன்று இருபத்தைந்து அடிக்குள் வந்து நின்றது. மீன்வீட்டைத்தான் நகர்த்த வேண்டும். வெர்ன் டிரக்கைப் பின்னால் எடுத்து வந்து சங்கிலி மாட்டினான். மீன்வீட்டின் டயர்கள் காற்று இறங்கி மண்ணில் புதைந்து கிடந்தன. இழுத்தான். டிரக் உறுமியது, புல் பிய்ந்து பறந்தது, மீன்வீடு ஒரு பெருமூச்சு விட்டு அங்கேயே இருந்தது.

"உள்ள இருக்கறத எறக்குங்க, லேசாகும்," என்றான் சூ. இவன் எப்போது வேலி தாண்டி வந்தான் என்று தெரியவில்லை.

"வெர்ன்," என்றாள் டெல்ஃபைன் கொப்பரைப் பக்கமிருந்து. "உள்ளதோட இழுத்துப் பாரேன்."

"இழுத்தாச்சே. பாக்கலையா நீ?"

"இன்னொரு தடவ இழு."

அவன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கதவைத் திறந்து ஒவ்வொன்றாக வெளியே எறிந்தான். தூண்டில் கம்புகள், பனிக்கட்டி துளைக்கும் துரப்பணம், போர்வைகள், பழைய பியர் டின்கள். படுக்கைக்கு அடியில் தார்பாலின் சுற்றிய ஏதோ ஒன்று கனமாக இருந்தது. சூவும் அவனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்கள். தார்பாலின் விலகியது.

கேஸ் அடுப்பு. வீட்டில் வைக்கிற அடுப்பு இல்லை. மூன்று கால், நடுவில் சைக்கிள் சக்கரம் அளவுக்கு வளையம், மேலே கனத்த இரும்புச் சட்டம். சட்டத்தில் ஒரு வட்டம் தேய்ந்து பளபளத்தது. வெர்ன் அந்த வட்டத்தைப் பார்த்தான், திரும்பிக் கொப்பரையின் அடியைப் பார்த்தான். அளந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பின்னாலேயே இரண்டு சிலிண்டர்கள் உருண்டு வந்தன.

"ஓ," என்றான் சூ.

வெர்ன் டெல்ஃபைனைப் பார்த்தான். அவள் கொப்பரைக்குள்ளேயே பார்த்துக் கிண்டினாள்.

"எத்தன வருஷமா?"

"சட்டம் வந்த வருஷத்துலேர்ந்து."

"ராத்திரி பூரா இதுலயா?"

"பத்து மணிக்கு விறகை அணைச்சிடுவான். ஜாக்கி வச்சுக் கொப்பரையத் தூக்கி இத அடியில தள்ளுவான். காலைல எட்டு மணிக்கு இத எடுத்துட்டு மறுபடி விறகு. நீங்கள்லாம் வர்றதுக்குள்ள நல்லாப் புகையட்டும்னு ரெண்டு ஈரக் கட்டையும் போடுவான்."

"கோயில் வாசல்ல நின்னு என்னா பேச்சு பேசுனான்."

"பேசினான்."

"ஆஸ்பத்திரில எங் கையப் புடிச்சு, கேஸ்ல வச்சா எந்திரிச்சுப் போயிடுவேன்னான், டெல்ஃபைன். சாகப் போற நேரத்துல. நான் அதுக்காக நகராட்சிக்குப் போன் போட்டு, லீவு போட்டு, டேப் புடிச்சு..." யார்மேல் கோபப்படுவது என்று தெரியவில்லை. கோபப்பட வேண்டியவன் சவ வீட்டில் கோட்டு சூட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். "ஏன் எங்கிட்ட மட்டுமாவது சொல்லக் கூடாதா?"

"உங்கிட்ட சொன்னா நீ மூஞ்சிய வச்சே காட்டிக் குடுத்துடுவ." டெல்ஃபைன் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். புகையா வேறா என்று தெரியவில்லை. "அவனுக்கு அபராதம்னா பயம், வெர்ன். அடிக்கிற வாய்க்குப் பின்னால அவ்வளவுதான். ஒரு தடவகூட அவன் சட்டத்த மீறினதில்ல. கடைசியா ஒரு தடவயாவது நெஜமாவே விறகுல வேகட்டும்னு நெனச்சானோ என்னவோ. எனக்குத் தெரியாது."

இதையெல்லாம் டிரெஸ்ஸா லிண்ட்வால் கராஜ் சுவரில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மெதுவாக வந்து அடுப்பைக் குனிந்து பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது.

"இது இருக்கா உங்ககிட்ட? அப்ப பிரச்சினையே இல்லையே. கேஸ்னா பத்தடி போதும். ராத்திரி எவ்வளவு நேரம் வேணும்னாலும் எரியலாம். இதுல மாத்திடுங்க, நான் கிளம்பறேன்."

எல்லோரும் வெர்னைப் பார்த்தார்கள். அதுதான் சுலபம். அண்ணன் செய்ததைத்தான் தம்பியும் செய்யப்போகிறான், யார் கேட்கப்போகிறார்கள்? சத்தியம் வாங்கினவனே பொய்யன். முழங்கால் வேறு விண் விண் என்று தெறித்தது. ஆனால் வெர்னுக்கு உள்ளே ஏதோ ஒன்று அடங்கவில்லை. வாரம் பூராவும் நல்லவனாக நடந்து, கேட்டு, அளந்து, கடைசியில் கைக்கு வந்தது அந்தத் தேய்ந்த வட்டம்.

"அவன் பொய் சொன்னா அது அவன் பாடு," என்றான். "நான் விறகுன்னு சொன்னேன். விறகுதான்."

"இங்க முடியாது மிஸ்டர் பிரிபில்."

"இங்க இல்ல." சூவைப் பார்த்தான். "உன் நெருப்பு வளையம் வீட்லேர்ந்து எவ்ளோ தூரம்?"

"இருபது அடி," என்றான் சூ. "எங்க ஊர்ல பதினஞ்சு போதும். மீதி அஞ்சடி உங்களுக்கு இனாம்."

சூ தன் மச்சான்களுக்குப் போன் போட்டான். மூன்று பேர் வந்தார்கள். வேலியில் இரண்டு பலகையைக் கழற்றினார்கள். கொப்பரையின் காதுகளில் இரும்புக் குழாய் செருகி, ஆளுக்கொரு முனையைத் தோளில் ஏற்றினார்கள். உள்ளே பாதி வெந்த பூயா குலுங்கியது. டெல்ஃபைன் பக்கத்திலேயே நடந்தபடி கிண்டினாள். சாமி ஊர்வலத்தில் சாமரம் வீசுகிற மாதிரி இருந்தது. வெர்ன் தணலைத் தள்ளுவண்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பின்னால் போனான்.

"மிஸ்டர் பிரிபில்," என்றாள் டிரெஸ்ஸா. "எரியற பொருளத் தள்ளிட்டு ஊர் எல்லையத் தாண்டறீங்க."

"கூடாதா?"

அவள் போனை எடுத்து விதிகளை விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். நெற்றி சுருங்கியது. இன்னும் தள்ளினாள். அதற்குள் தள்ளுவண்டி டன்லாப் பார்க்குக்குள் போய்விட்டது. அவள் வேலி இடைவெளி வரைக்கும் வந்தாள். அதற்கு மேல் ஒரு அடி எடுத்து வைக்கவில்லை.

"தெரியல," என்றாள் நேர்மையாக. "அதப்பத்தி ஒண்ணும் போடல."

"போட்டதும் சொல்லுங்க," என்றான் வெர்ன். அன்று முழுக்க அவன் சொன்ன ஒரே மரியாதை இல்லாத வார்த்தை அதுதான். சொன்ன பிறகு அதற்கும் வருத்தப்பட்டான்.

நெருப்பு இருந்த இடத்திலிருந்து நாற்பதடிகூட நகரவில்லை. அதே காற்று, அதே விறகு, அதே புகை. புகை வேலிக்கு மேலே ஏறித் திரும்பவும் ஓக்மார்ஷுக்குத்தான் போனது. அதை யாரும் நிறுத்தவில்லை.

அன்று பகல் முழுக்க வெர்ன் கிண்டினான். சூ மாற்றிவிட வந்தால் கொஞ்ச நேரம் கொடுத்துவிட்டு மறுபடி வாங்கிக்கொண்டான். மாட்டு வால் எலும்பு கழன்று மேலே வந்தது, பட்டாணி கரைந்தது, நிறம் இருண்டது. சூவின் மாமியார் ஒரு கிண்ணம் மிளகாய்ச் சட்னியை நீட்டி, இதைப் போடு என்று சைகை காட்டினாள். வெர்ன் தலையாட்டி மறுத்தான். அவள் தன் பாஷையில் ஏதோ சொன்னாள்.

"என்ன சொல்றாங்க?"

"செத்தவருக்கு நாக்கு செத்திருக்கலாம், உங்களுக்குமான்னு கேக்கறாங்க," என்றான் சூ.

டன்லாப் பார்க்கிலும் பத்து மணிதான் கெடு; பத்து அடிப்பதற்கு முன்னால் தணலை அள்ளித் தண்ணீர் விட்டு அணைத்தார்கள். கொப்பரையை மூடி, வீட்டில் இருந்த போர்வை, ஜமுக்காளம், மீன்வீட்டுப் படுக்கை எல்லாவற்றையும் சுற்றிக் கட்டினார்கள். காலையில் அவிழ்த்தபோது ஆவி முகத்தில் அடித்தது. எட்டு மணிக்கு மறுபடி விறகு. மூன்று கொதி வந்ததும் டிரக்கில் ஏற்றினார்கள்.

கோயிலில் வெர்ன் முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தான். பாதிரியார் ஆம்ப்ரோஸைப் பற்றிப் பேசினார். தன் மனசாட்சிக்கு மட்டும் கட்டுப்பட்டவன் என்றார். பின்வரிசையில் யாரோ, நகரசபைக்குக் கட்டுப்படாதவன் என்று மெதுவாகச் சொல்ல, இரண்டு மூன்று பேர் கண்ணீரோடு சிரித்தார்கள். வெர்ன் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான். மூடி அசையவில்லை.

ஹாலில் டெல்ஃபைன் கரண்டியைப் பிடித்தாள். வரிசை சுவரைச் சுற்றி வளைந்து வாசல் வரைக்கும் நின்றது. வெர்ன் ஒரு ஓரத்தில் நின்று ஒவ்வொரு முகமாகப் பார்த்தான். அவனும் ஒரு கிண்ணம் சாப்பிட்டிருந்தான். வாழ்நாளில் சாப்பிட்ட பூயாவிலேயே அதுதான் நல்ல பூயா என்று அவனுக்குத் தோன்றியது. புகை ஒவ்வொரு எலும்பிலும் ஏறியிருந்தது. ஆனாலும் யாராவது வாய் திறந்து சொல்ல வேண்டுமே.

கிளெம் யானிஷ் சொன்னான். ஆம்ப்ரோஸோடு ஒரே வகுப்பில் படித்தவன், ஒவ்வொரு வருஷமும் முதல் கிண்ணம் வாங்குகிறவன். மூன்று வாய் சாப்பிட்டான். கரண்டியை வைத்தான். ரொம்ப நேரம் மென்றான்.

"வெர்ன்," என்றான் அன்பாக. "கோவிச்சுக்கக் கூடாது."

"சொல்லு."

"கேஸ்ல வச்சியா?"

டெல்ஃபைனின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"ஏன் கேக்கற?"

"ஒரு கரி வாசனை தூக்கலா அடிக்குதுல்ல? பர்னர் சரியா எரியாட்டி அப்படித்தான் அடிக்கும், எங்க வீட்லயும் அடிச்சிருக்கு." பக்கத்து மேசைக்காரர்களைப் பார்த்தான், அவர்கள் தலையாட்டினார்கள். ஒருத்தி, பாவம், ஒரு வாரத்தில் எவ்வளவுதான் செய்வான் என்றாள். கிளெம் வெர்னின் கையைத் தட்டிக் கொடுத்தான். "நல்லாத்தான் இருக்கு. குத்தம் சொல்லல. ஆனா ஆம்ப்ரோஸ் பூயா சுத்தமா இருக்கும் பாரு, ஒரு பிசிறு இருக்காது. விடிய விடிய விறகுல வேக வைப்பான்டா அவன். அது வேற."

வெர்ன் வாயைத் திறந்தான். சொல்வதற்கு நிறைய இருந்தது. மீன்வீடு, தேய்ந்த வட்டம், ஈரக் கட்டை, போன் எடுத்த சின்னப் பெண், தள்ளுவண்டி. கூட்டத்துக்கு மேலாக டெல்ஃபைன் அவனைப் பார்த்தாள். கெஞ்சவில்லை, சொல்லாதே என்று கண் காட்டவுமில்லை. கரண்டியைப் பிடித்தபடி சும்மா நின்றாள்.

"ஆமா கிளெம்," என்றான் வெர்ன். "அவன் விறகுல வைப்பான்."

கிண்ணத்தை எடுத்துக்கொண்டு பின்வாசல் வழியாக வெளியே போனான். சூவும் அவன் மச்சான்களும் டிரக்கில் சாய்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். மிளகாய்ச் சட்னி பாட்டில் பானட் மேல் இருந்தது.

"என்ன சொல்றாங்க உள்ள?" என்றான் சூ.

"கேஸாம்."

சூவுக்குப் புரைக்கு ஏறிவிட்டது. இருமினான், சிரித்தான், மறுபடி இருமினான். மச்சான் ஒருத்தன் முதுகில் குத்தினான். "டன்லாப் பார்க் புகை," என்றான் கண்ணைத் துடைத்துக்கொண்டே. "ஓக்மார்ஷ் நாக்குக்கு எப்படித் தெரியும்?"

வெர்னுக்குச் சிரிப்பு வரவில்லை. கோட்டை முகர்ந்து பார்த்தான். அடக்கத்துக்கென்று வெளுக்கக் கொடுத்து வாங்கிய கோட்டில்கூட ஓக் புகை ஏறியிருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு டிரக்கின் படியில் உட்கார்ந்தான்.

"அந்தச் சட்னிய இங்க குடு," என்றான்.